நிறம் வடக்கிலிருந்து வருகிறது: ஒன்ராறியோவில் முதல் இலையுதிர் காலப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

கனடாவுக்கு வந்த முதல் வருடம் நாங்கள் தாங்ஸ்கிவிங் லோங் வீக்கெண்டில்தான் இலை பார்க்கப் புறப்பட்டோம். மூன்று நாள் விடுமுறை, எல்லோருக்கும் வேலை இல்லை, வேறு எப்போது போவது? விடிய ஐந்து மணிக்குக் கட்டுச்சோறு கட்டி, அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து மூன்று மணி நேரம் வடக்கே ஓடினோம். ஒரு பூங்கா வாசலில் கார்கள் நீளத்துக்கு நின்றன. எங்களிடம் முன்பதிவு இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்திச் சோற்றைச் சாப்பிட்டோம். அப்போதுதான் சுற்றிலும் நின்ற மேப்பிள் மரங்களைக் கவனித்தேன். பாதிக்கு மேல் மொட்டை. உள்ளே விட்டிருந்தாலும் நாங்கள் தேடிப்போன சிவப்பு அங்கே இருந்திருக்காது.

அந்த ஒரு நாளில் படித்ததைத்தான் ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் மரத்தைப் பாருங்கள், அப்புறம் விடுமுறையைப் பாருங்கள்.

திகதியைத் தீர்மானிப்பது

நிறம் ஒன்ராறியோவில் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வருகிறது. ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் அல்கொன்குயின் பூங்கா உயரமான நிலம். அங்கே குளிர் முந்தி வரும். அங்குள்ள சுகர் மேப்பிள் மரங்கள் வழக்கமாக செப்டெம்பர் கடைசிக் கிழமையில் உச்ச நிறத்துக்கு வந்துவிடும். ரொறன்ரோவில் அதே உச்சம் ஒக்டோபர் நடுப்பகுதி தாண்டித்தான் வரும். தாங்ஸ்கிவிங்கோ ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை. அதாவது வடக்கே சிவப்பு கொட்டி முடிந்து, நகரத்தில் இன்னும் பச்சை மாறாத இடைவெளியில் வந்து விழுகிறது. மிகப் பெரிய கூட்டமும் அந்த மூன்று நாட்களில்தான்.

அதனால் ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்காமல் இரண்டாகப் பிரியுங்கள். செப்டெம்பர் கடைசியில் வடக்கே ஒரு தூரப் பயணம். ஒக்டோபர் இரண்டாம் பாதியில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அரை நாள்.

சரியான நாளைப் பிடிக்க, ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் நிற அறிக்கையை செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து பாருங்கள். ஒவ்வொரு பூங்காவிலும் எத்தனை வீதம் நிறம் மாறியிருக்கிறது, எந்த நிறம் மேலோங்கி நிற்கிறது, இலை எவ்வளவு கொட்டிவிட்டது என்று அதில் போடுவார்கள். எழுபது, எண்பது வீதம் என்று வந்தவுடன் புறப்படுங்கள். நூறு வரட்டும் என்று காத்திருந்தால் இடையில் ஒரு பெருங்காற்று போதும், ஒரே இரவில் எல்லாம் தரையில் கிடக்கும்.

ஏன் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி இல்லை? இலையில் மஞ்சள் நிறப்பொருள் கோடை முழுவதும் இருக்கிறது, பச்சையம் அதை மூடி வைத்திருக்கிறது. பகல் குறுகியதும் மரம் பச்சையம் செய்வதை நிறுத்திவிடும், மஞ்சள் தானாக வெளியே தெரியும். ஆகவே மஞ்சள் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். சிவப்பின் கதை வேறு. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு மேப்பிள் அதை இலையுதிர் காலத்தில் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு கொழுந்துவிட்டு எரியும். தொடர்ந்து மப்பும் மழையுமாக இருந்தால் மங்கிவிடும். செப்டெம்பரில் இரவுகள் குளிர்ந்து பகல்கள் பளிச்சென்று இருந்தால் அந்த வருடத்தைத் தவற விடாதீர்கள், ஒரு நாள் லீவு எடுத்தாவது போங்கள்.

லீவு என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய், புதன், வியாழன், இந்த மூன்றில் ஒன்றுதான் நல்லது. சனிக்கிழமை மட்டும்தான் முடியும் என்றால் காலை எட்டு மணிக்கு முன் பூங்காவுக்குள் நிற்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு நல்ல பாதைகளின் வாகனத் தரிப்பிடங்களில் இடம் கிடையாது.

அனுமதியும் தங்குமிடமும்

மாகாணப் பூங்காக்களில் பகல் பொழுது செலவிட வாகனத்துக்கு ஒரு அனுமதி எடுக்க வேண்டும். ஆளுக்கு அல்ல, வண்டிக்குத்தான் கட்டணம். இரண்டு குடும்பம் ஒரே வான் வண்டியில் போனால் செலவு பாதியாகும். ஐந்து நாட்களுக்கு முன்பிருந்தே இணையத்தில் பதிவு செய்யலாம். அல்கொன்குயினுக்கு இலைக்காலத்தில் பதிவு இல்லாமல் போகவே வேண்டாம். ஒரு நாளுக்கு இத்தனை அனுமதிதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், நல்ல நாட்களில் அது தீர்ந்துவிடும். போகும் நாளுக்கு ஐந்து நாள் முன்பு, காலையில் எழும்பியவுடன் தேத்தண்ணிக்கு முன் அதைச் செய்து முடியுங்கள்.

ஒரே நாளில் போய் வரலாம். ஆனால் போக மூன்று மணி, வர மூன்று மணி, நடுவில் நடை. வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் ஒரு இரவு தங்குவதே நல்லது. பூங்காவின் மேற்கு வாசலுக்கு முன்னால் வரும் ஊர் ஹன்ட்ஸ்வில். அங்கேயும் சுற்றியும் மோட்டல்கள் உண்டு. கிழக்குப் பக்கம் விட்னி, பாரிஸ் பே. கோடையிலேயே அறையைப் பதிவு செய்யுங்கள், ரத்து செய்தால் காசு திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். நிறம் ஒரு கிழமை முந்தினாலும் பிந்தினாலும் மாற்றிக்கொள்ளலாம். கூடாரம் போட விருப்பம் என்றால் ஐந்து மாதங்களுக்கு முன்பே இடம் பிடிக்க முடியும். மியூ லேக் முகாமில் யேர்ட் என்ற வட்டக் கூடாரங்கள் இருக்கின்றன. உள்ளே கட்டில், சூடாக்கி எல்லாம் உண்டு. முதன்முதலில் காட்டில் தூங்குகிறவர்களுக்கு அது பயமில்லாத தொடக்கம். ஆனால் அதற்குப் போட்டி அதிகம்.

கார் இல்லாதவர்களுக்கு: ரொறன்ரோவிலிருந்து பார்க்பஸ் என்ற சேவை பூங்காக்களுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்குகிறது. இலைக்காலத் திகதிகள் சீக்கிரம் நிரம்பும்.

போகும் வழி

எல்லோரும் 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, 11இல் போய், ஹன்ட்ஸ்வில்லில் 60க்குத் திரும்புவார்கள். அது விரைவான வழி. திரும்பி வரும்போது நான் 35ஆம் நெடுஞ்சாலையைத்தான் எடுப்பேன். டோர்செட், மின்டன், லின்ட்சே என்று சின்ன ஊர்கள் வழியாக இறங்கும் பாதை அது. கொஞ்சம் நேரம் கூடும், ஆனால் இரு புறமும் ஏரியும் மரமுமாக இருக்கும்.

டோர்செட்டில் ஒரு இரும்புக் கோபுரம் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 30 மீற்றர். முன்பு காட்டுத்தீ எழும்புகிறதா என்று காவல் பார்த்த இடம். மேலே ஏறினால் லேக் ஒஃப் பேஸ் ஏரியும் அதைச் சுற்றிய காடும் காலடியில் விரியும். படிகளுக்கு நடுவே கீழே நிலம் தெரியும் என்பதால் தலைசுற்று உள்ளவர்கள் கீழேயே நிற்கலாம், கோபுரத்தடியில் இருந்தே ஒரு நல்ல காட்சி கிடைக்கிறது.

ஹன்ட்ஸ்வில்லிலேயே பெற்றோல் நிரப்பிவிடுங்கள். பூங்காவுக்குள் பல இடங்களில் தொலைபேசிக்கு சிக்னல் வராது. வரைபடத்தையும் அனுமதிச் சீட்டையும் வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள்.

அல்கொன்குயினுக்குள் ஒரு நாள்

1893இல் தொடங்கிய பூங்கா இது, பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியதெல்லாம் அதன் தெற்கு மூலையை ஊடறுத்துப் போகும் 60ஆம் நெடுஞ்சாலைதான். மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசல் வரை 56 கிலோமீற்றர். ஓரத்தில் கிலோமீற்றர் பலகைகள் இருக்கும். மேற்கு வாசல் பூச்சியம். எல்லோரும் இடத்தை அந்த எண்ணைச் சொல்லித்தான் குறிப்பார்கள். மேற்குப் பாதியில்தான் மேப்பிள் அடர்த்தி, கிழக்கே போகப் போகப் பைன் கூடும். அதனால் சிவப்புக்காகப் போகிறவர்கள் மேற்கு வாசலால் நுழையுங்கள்.

ஒரே நாளில் ஐந்து பாதை நடக்கத் திட்டம் போடாதீர்கள். இரண்டு போதும்.

முதலாவது லுக்அவுட் பாதை, 40ஆவது கிலோமீற்றரை ஒட்டி. நீளம் 2.1 கிலோமீற்றர்தான், ஆனால் முதல் பாதி செங்குத்து ஏற்றம். காலை முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். நாங்கள் போன நாள் ஏழரை மணிக்குப் பாதையில் கால் வைத்தோம். இரவு பெய்த பனியில் வேர்கள் வழுக்கின. மேப்பிள் இலைகள் காலடியில் ஈரமாகப் படிந்து, சப்பாத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன. காற்றில் ஊறவைத்த தேயிலை போல ஒரு மணம், அது உக்கும் இலையின் மணம் என்று பிறகுதான் தெரிந்தது. உச்சியில் மரங்கள் விலகிப் பாறை வருகிறது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. வெயில் ஏற ஏறப் பனி கிழிந்து, கிழிந்த இடத்தில் எல்லாம் சிவப்பு எட்டிப் பார்த்தது. முழுக்காடும் வெளியே வர இருபது நிமிடம் எடுத்தது. அந்த இருபது நிமிடமும் பிள்ளைகள் ஒரு சொல் கதைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: அந்தப் பாறை விளிம்பில் கம்பி வேலி கிடையாது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், படம் எடுக்கும்போது பின்னால் நகராதீர்கள்.

அவ்வளவு ஏற முடியாதவர்களுக்கு 14ஆவது கிலோமீற்றர் பக்கம் ஹார்ட்வுட் லுக்அவுட் என்று ஒரு கிலோமீற்றர் பாதை இருக்கிறது. அதுவும் ஏற்றம்தான், ஆனால் குறுகியது.

இரண்டாவது ஸ்புரூஸ் பொக், 42ஆவது கிலோமீற்றரைத் தாண்டியவுடன். ஒன்றரைக் கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை, சதுப்பு நிலத்தின் மேல் பலகைப் பாலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, கைத்தடியோடு மெதுவாக நடந்து முடித்தார். சாம்பல் நிற ஜேய் குருவிகளை இந்தப் பக்கத்தில் பார்க்கலாம். ஆட்களுக்குப் பயப்படாத குருவி. குளிர்காலத்துக்கு உணவை மரப் பட்டை இடுக்குகளில் ஒளித்து வைக்கும் வேலையில் இந்த மாதங்களில் மும்முரமாக இருக்கும். பாலத்தின் நடுவில் அம்மா நின்று, கரையில் கொட்டிக் கிடந்த இலைகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் ஆர் கூட்டிறது?" என்று கேட்டார். முற்றம் கூட்டாமல் ஒரு காலையும் விடிந்திராத ஊரிலிருந்து வந்தவர். ஒருவரும் கூட்டுவதில்லை, அப்படியே உக்கி மண்ணாகிவிடும் என்றேன். "அப்ப சரி" என்று தடியை ஊன்றி நடந்தார்.

தாங்ஸ்கிவிங்குக்குத்தான் போக முடியும் என்கிறவர்களுக்கும் ஸ்புரூஸ் பொக் கைகொடுக்கும். மேப்பிள் கொட்டினாலும் பொப்ளரும் பேர்ச்சும் ஒக்டோபர் முதல் பாதியில் பொன்மஞ்சளாக நிற்கும். அதன் பின் டமரக் என்ற ஊசியிலை மரத்தின் முறை. ஊசியிலை மரங்களிலேயே இது அபூர்வம், பொன்னிறமாகி இலையைக் கொட்டிவிடும். அதன் இடம் இந்த மாதிரிச் சதுப்புத்தான்.

43ஆவது கிலோமீற்றரில் பார்வையாளர் நிலையம். மலசலகூடம், சாப்பாடு, பின்னால் ஒரு பெரிய மேடை. மதியம் அங்கே இளைப்பாறலாம். தெம்பு மிஞ்சியிருந்தால் 14ஆவது கிலோமீற்றரில் கனோ லேக் ஏரியில் துடுப்புப் படகு வாடகைக்கு எடுக்கலாம். இந்தக் காட்டின் நிறங்களைக் கனடா முழுவதும் அறிய வைத்த ஓவியர் டொம் தொம்சன் 1917இல் இறந்தது இந்த ஏரியில்தான். தண்ணீர் மிகக் குளிராக இருக்கும், உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது.

உடுப்பும் சாப்பாடும் மாலை ஓட்டமும்

செப்டெம்பர் கடைசியில் அங்கே பகலில் ஒரு ஸ்வெற்றர் போதும், காலையில் பூச்சியத்தை நெருங்கும். ஒரு தடித்த ஜாக்கெற்றை விட, மெல்லியதாக மூன்று உடுப்பை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவது நல்லது, ஏற்றத்தில் வியர்க்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். அடி வழுக்காத சப்பாத்து கட்டாயம். கையுறை, தொப்பி, மாற்றுக் காலுறை ஒரு சோடி. காலுறை நனைந்த பிள்ளை அந்த நாள் முழுவதும் அழும்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ரோல்ஸ், பாண், சம்பல், அவித்த முட்டை, பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. குளிரில் சோறு சீக்கிரம் இறுகிவிடும், ஆனால் புளிச்சாதம் அப்படியே நிற்கும். மிச்சத்தை மேசையில் விடாதீர்கள், குப்பையைக் காரில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். கரடி சோற்று மணத்துக்கும் வரும். பூங்காவில் செடியோ பூவோ பறிக்க அனுமதி இல்லை, ட்ரோன் பறக்கவிடவும் கூடாது.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. உச்சி வெயிலில் இலைகள் வெளிறித் தெரியும். வெயிலுக்கு எதிராக நின்று, ஒளி இலையை ஊடுருவி வரும்படி எடுங்கள். மழை விட்டு வானம் மப்பாக இருக்கும் நேரத்தில் நிறம் இன்னும் ஆழமாக விழும்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். பொழுது சாய்ந்த பிறகு அந்த நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டாதீர்கள். செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து மூஸ் மான்களின் இணைசேரும் காலம், ஆண் மூஸ் யோசிக்காமல் வீதியைக் கடக்கும். கரும் பழுப்பு உடம்பு இருட்டில் தெரியாது. உயரம் அதிகம், காரின் வெளிச்சம் காலில்தான் படும். மோதினால் அந்த முழு உடம்பும் கண்ணாடி வழியாக உள்ளே வரும். ஆறு மணிக்குள் பூங்காவை விட்டு வெளியேறும்படி நாளை அமையுங்கள். பகலில் வீதியோரம் கார்கள் கூட்டமாக நின்றால் அங்கே மூஸ் நிற்கிறது என்று அர்த்தம். நீங்களும் நிறுத்தினால் காரை முழுவதுமாக வீதிக்கு வெளியே எடுங்கள், கிட்டப் போகாதீர்கள்.

அப்பிள் தோட்டமும் பூசணியும்

இதற்கு வடக்கே போகத் தேவையில்லை. ரொறன்ரோவைச் சுற்றி கலிடன், மில்டன் பக்கம் நாமே பறிக்கும் பண்ணைகள் நிறைய. எந்தக் கிழமை எந்த வகை பழுத்திருக்கிறது என்று போகும் காலையில் பண்ணையின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். மக்கின்டோஷ் என்ற அப்பிள் வகை செப்டெம்பர் நடுப்பகுதிக்கு வரும். அந்த மரத்தை 1811இல் கண்டெடுத்தது இதே மாகாணத்தின் கிழக்கே டண்டெலா என்ற இடத்தில். புளிப்பும் மணமும் உள்ள பழம், அது சட்னிக்கு நல்லது. கடித்துச் சாப்பிட ஹனிக்ரிஸ்ப். பழத்தை இழுத்துப் பறிக்க வேண்டாம், கிளை முறியும். உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, கொஞ்சம் திருப்பினால் பழுத்தது கையோடு வரும். வராவிட்டால் அது இன்னும் பழுக்கவில்லை.

பூசணி வாங்கும்போது பெரியதைப் பார்த்து மயங்காதீர்கள். அது ஹலோவீனுக்கு முகம் வெட்டுவதற்கு, கறிக்குப் போட்டால் தண்ணீராகிவிடும். பை (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்யும் சின்னப் பூசணி என்று கேட்டு வாங்குங்கள். தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் ஊர்ப் பூசணிக்குக் கிட்ட வரும்.

வீட்டுக்குப் பக்கத்தில், ஒக்டோபரில்

ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் பூங்கா. கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா, 79 சதுர கிலோமீற்றர், நுழைவு இலவசம். மிருகக்காட்சிசாலைக்குப் போகும் பஸ்ஸிலேயே போய் இறங்கி விஸ்டா பாதையில் நடக்கலாம். ஒரு மேடையிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஒக்டோபர் இரண்டாம் பாதியில் பாருங்கள். இங்கே உண்ணி உண்டு, இலையுதிர் காலத்திலும் கடிக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டு நடங்கள், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கழுத்து, தலைமுடி எல்லாம் பாருங்கள்.

ஸ்காபரோவிலேயே ஹைலண்ட் கிறீக் ஓடையில் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சினூக் சல்மன் மீன்கள் ஒன்ராறியோ ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும். நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு கை நீள மீன் முதுகு வெளியே தெரியக் கல்லோடு கல்லாகப் புரண்டு முன்னேறும். முட்டையிட்டு முடிந்ததும் இறந்துவிடும், கரையில் கிடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், தயாராகப் போங்கள். தண்ணீருக்குள் இறங்காமல், கல் எறியாமல் பாலத்தில் நின்று பார்க்க வேண்டும். நாயைக் கயிற்றில் கட்டி வைத்திருங்கள்.

எங்கள் சமையலறையில் பலசரக்குக் கடையில் தந்த நாட்காட்டி தொங்குகிறது. ராகுகாலம், அமாவாசை எல்லாம் போட்டது. இலை பார்த்த நாளை அதில் பேனையால் குறித்து வைப்பேன், என்ன நிறம், எவ்வளவு கொட்டியிருந்தது என்று. வருடம் முடிந்தாலும் அந்தத் தாளைக் கிழித்து எறிவதில்லை. நீங்களும் முதல் வருடத்திலிருந்தே குறித்து வையுங்கள். நான்கைந்து தாள்கள் சேர்ந்தால், லீவு எந்தக் கிழமை கேட்க வேண்டும் என்பதை ஜூலையிலேயே முதலாளியிடம் சொல்லலாம்.